செபியூட்டா குறித்துக் கொடுத்த நாள்

எங்கள் சபை அலுவலகத்துக் கணினியைச் செபியூட்டா ஒரு கிழட்டுப் பன்றியைப் போலத்தான் நடத்தி வந்தாள். வேளைக்கு எழுப்புவாள், வேளைக்கு அடக்குவாள், பூச்சி புகாமல் மேலே மரப்பட்டைத் துணி ஒன்றைப் போர்த்தி வைப்பாள். அதன் மேல் பாசம் என்றெல்லாம் சொல்ல முடியாது. விருந்து நாள் இன்னும் வரவில்லை, அதனால் அது இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஹாபாய்த் தீவுகளின் உப்புக் காற்றில் எந்த இயந்திரமும் நெடுநாள் நிற்பதில்லை. இது நின்றது.

செபியூட்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவன் பருவத்துக்குப் பருவம் ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்கப் போய்வருகிறவன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். காலையில் ஞானஸ்நானச் சான்றுகள், மதியம் போதகரின் அறிக்கைகள், சாயங்காலம் பாடகர் குழு என்று அவள் பிழைப்பு முழுக்கக் கோயிலைச் சுற்றித்தான். குழுவில் தாழ்ந்த பெண்குரல் வரிசையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து இடம். இருபது வருஷமாக அவள் முழங்கை என் விலாவில் இடிக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எதையும் முடிவு செய்யமாட்டாள். முடிவு தானாக வந்து சேரும்வரை ஓரமாக நின்றுகொள்வாள். வீட்டுச் சுவருக்கு என்ன வண்ணம் என்று கணவன் கேட்டபோது நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டினாள். கடையில் நீலத்தைத் தவிர எல்லாம் தீர்ந்த பிறகு போய் நீலம் வாங்கி வந்தாள். "நான் என்ன செய்ய, நீலந்தான் இருந்துச்சு" என்றாள். நீலம் அவளுக்குப் பிடிக்காது.

இப்படிப்பட்டவளிடம் அந்தக் கணினி தினமும் காலையில் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தது. இப்போது இருக்கும் இயங்குதளம் பழையதாகிவிட்டது, இனி இதற்குப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுகிறாயா? கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போதே', 'பிறகு'. அவள் ஒவ்வொரு நாளும் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போவாள். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அப்படியே போயின.

காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் பாட்டை எண்களில் எழுதிப் பாடுகிறவர்கள். மூன்றில் தொடங்கி ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு சுரம். அரைச் சுரம் ஏறினால் எண்ணின் குறுக்கே ஒரு வெட்டு, காலத்துக்குப் புள்ளிகளும் கோடுகளும். இதைத் தட்டச்சு செய்ய சைமோனே என்ற எங்கள் ஊர்க்காரன் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தான். அது அந்தப் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும்.

அந்த நிரலை நம்பி இருந்தவர் செபியூட்டாவின் தாய்மாமன் பெனிசிமானி. எங்கள் குழுவுக்குப் பாட்டு கட்டுகிறவர். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை மடியில் வைத்த மீன் மாதிரி கிடந்தது. குரல் மட்டும் போகவில்லை. அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குரலையும் அவர் பாட, செபியூட்டா எண்ணாகத் தட்டிக்கொண்டே வருவாள். நடுநடுவே திட்டும் விழும்.

"அது அஞ்சு இல்லடி, வெட்டின அஞ்சு. காதுல தேங்காய்ப்பால் ஊத்திட்டு வந்தியா?"

"நீங்க அஞ்சுதான் பாடினீங்க மாமா. வெட்டை உள்ளயே முழுங்கிட்டீங்க."

"பாட்டைக் கட்டுறவன் நானு. முழுங்கினதையும் சேர்த்து எழுதணும்."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமனை 'ஆண் அம்மா' என்போம். அவர் வீட்டில் அக்கா தங்கை பிள்ளைகளுக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. அந்த உரிமைக்கும், அதை உடைய பிள்ளைக்கும் ஃபாஹு என்று பெயர். வேண்டியதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கிழங்கோ, பாயோ, பன்றியோ, எதை எடுத்தாலும் அவர் முகம் சுளிக்கக் கூடாது. செபியூட்டாவும் சின்ன வயதிலிருந்து எடுத்துத்தான் வந்தாள். அவர் கேலி பேசுவாரே தவிர, ஒரு நாளும் 'ஏன் எடுத்தாய்' என்று கேட்டதில்லை.

அந்த வருஷத்துச் சபை மாநாட்டுக்கு அவர் ஒரு பெரிய பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நாலு குரலும் முழுதாகக் கணினிக்குள் ஏறிவிட்டது. மேல் இரண்டு பெண்குரல்களும் ஆண்களின் மேல்குரலும் காகிதத்தில் அச்சாகி எங்கள் கைக்கு வந்துவிட்டன. ஆண்களின் அடிக்குரல் முறை வந்தபோது அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துபோயிற்று. மை தலைநகர்த் தீவான டோங்காடாப்புவிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் போதகர் நெருக்கினார். தலைமை அலுவலகம் எல்லாச் சபைகளின் கணக்கையும் ஒரு புது நிரலில் கேட்டிருந்தது. அது எங்கள் கணினியில் திறக்க மறுத்தது.

"எல்லாத் தீவும் அனுப்பியாச்சு, செபியூட்டா. நம்ம பேர் மட்டும் சிவப்புல நிக்குது. மாத்திடேன்."

"மாத்திடலாம் ஐயா. மாமா பாட்டு இருக்கே."

"அப்ப மாத்தாதே. மாத்தலைன்னு நானே எழுதிடறேன்."

"அதுக்கில்லை ஐயா. மாத்தத்தான் வேணும்."

போதகர் பொறுமைசாலி. கூரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மாமனைக் கேட்டாள். "எனக்கு என்ன தெரியும்? உன் பெட்டி, உன் இஷ்டம்" என்றார் அவர். ஆக்லாந்தில் இப்போது கூரை வேயும் வேலை செய்கிற சைமோனேயிடம் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன். காற்றுச் சத்தத்தோடு அவன் குரல் வந்தது.

"அக்கா, அதை எழுதின டிஸ்க் எல்லாம் எங்க போச்சோ. மாத்தினா அது ஓடாது. திரும்ப எழுத எனக்கும் மறந்துபோச்சு. மாத்துறதா இருந்தா எல்லாத்தையும் முதல்ல அச்சடிச்சிடு. எல்லாத்தையும். கேக்குதா?"

"கேக்குது தம்பி."

"எல்லாத்தையும்!"

"கேக்குதுன்னேனே. நீ பாத்து நில்லு, விழுந்துடப் போறே."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பலமுறை பலவிதமாகச் சொன்னாள். நான் ஒன்றாக்கிச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை கணினி கேள்வியை மாற்றிக் கேட்டது. மாறலாமா என்பது போய், எப்போது மாறலாம் என்று வந்தது. நீ கணினியைப் பயன்படுத்தாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. அவள் யோசித்தாள். திங்கள் முதல் சனி வரை வேலை இருக்கிறது. அதை யாரும் தொடாத நாள் ஒன்றுதான். வியாழக்கிழமைக் கப்பலில் மை வந்துவிடும், வெள்ளிக்கிழமை அச்சடித்துவிடலாம். ஞாயிறு காலை, ஆராதனை நேரம் என்று குறித்துக் கொடுத்துவிட்டாள். அன்று அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "முடிஞ்சிருச்சு" என்றாள் என்னிடம். என்ன முடிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேசத்தில் யாரும் துணி துவைப்பதில்லை. கடை திறப்பதில்லை, வலை வீசுவதில்லை. பிள்ளைகள் கடலில் இறங்கினால்கூடக் காதைத் திருகுவோம். சட்டமே அப்படி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலையை நாள் குறித்துக் கொடுத்தோம் என்பது அவள் மனதில் தட்டவே இல்லை. நாங்களெல்லாம் சும்மா இருக்கிற நாள், கணினியும் சும்மா இருக்கும் என்கிற நினைப்பில், அது சும்மா இருக்கிற நாளாகப் பார்த்து அதற்கு வேலை கொடுத்துவிட்டாள். வேறு ஊர்க்காரி இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பில்லை.

அந்த வாரம் காற்று திரும்பியது. வியாழக்கிழமைக் கப்பல் வரவில்லை. மையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அலுவலகத்தில்தான் இருந்தாள், சனிக்கிழமையும் ஒரு திருமணச் சான்றுக்காகப் போனாள். குறித்த நாளை மாற்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அவள் அழுத்தவில்லை.

ஞாயிறன்று வழக்கம்போல விடியலிலேயே மண்ணடுப்பில் மதியச் சாப்பாட்டைப் புதைத்து மூடிவிட்டு, வெள்ளை உடுத்து, எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றிக் கோயிலுக்கு வந்தோம். போதகர் பிரசங்கத்தில் பாதி தூரம் போயிருப்பார். செபியூட்டாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. இது தூக்கத்தில் இடிக்கிற இடி இல்லை.

"மெலியானே. அங்க பாரு."

எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பட்டை ஜன்னல். அதற்கு நேர் எதிரே, பாதையைத் தாண்டி, அலுவலக ஜன்னல். உள்ளே மரப்பட்டைத் துணிக்கு அடியில் ஓரமாக நீல வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

"வேலை செய்யுதுடி" என்றாள்.

"எது?"

"கம்ப்யூட்டர். இன்னைக்குச் செய்யச் சொன்னது நான்தான்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அப்பத்தானே யாரும் தொடமாட்டாங்கன்னு..." அவள் குரல் அங்கேயே நின்றது. பிறகு, "அடிக்குரல் இன்னும் அச்சடிக்கலை" என்றாள்.

"போய் நிறுத்து."

"நிறுத்துறதும் வேலைதானே?"

முன்வரிசையில் மூப்பரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். நாங்கள் வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டோம். பிரசங்கம் முடிந்து எல்லோரும் பாட எழுந்த சலசலப்பில் இருவரும் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தோம்.

அலுவலகத்தில் துணியை விலக்கினாள். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. 'பணி நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. செபியூட்டா குனிந்து சுவரில் இருந்த மின்செருகியைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். எதிரே கோயிலில் பாட்டு எழுந்தது. பெனிசிமானியின் குரல் எல்லாவற்றுக்கும் அடியில், தரையே பாடுவது போலக் கேட்டது.

"அணைக்காதேன்னு போட்டிருக்கே" என்றாள்.

"போட்டிருக்கு."

"பாதியில பிடுங்கினா மொத்தமும் போயிடுமோ என்னவோ."

பிடுங்கு என்று நானும் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு, மறுபடி துணியைப் போர்த்தினாள். ஓரம் மடங்காமல் இழுத்துவிட்டாள், குளிரில் கிடக்கும் பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி. நாங்கள் போய் எங்கள் இடத்தில் நின்று கடைசி அடியைப் பாடினோம்.

திங்கட்கிழமை கணினி அழகாக இருந்தது. திரையில் பனி மூடிய மலை ஒன்று வந்திருந்தது. தலைமை அலுவலகத்தின் நிரல் முதல் தட்டலிலேயே திறந்தது. போதகர் கைதட்டினார். சைமோனேயின் நிரல் திறக்கவே இல்லை. அடிக்குரல் பக்கத்தை வேறு வழியில் திறந்து பார்த்தாள். எண் ஒன்றுகூட இல்லை. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், வலையைக் காயப் போட்டது போல.

"ஐயா, நான் ஓய்வுநாளை மீறிட்டேன்" என்று போதகரிடம் சொன்னாள். சுலபமான குற்றத்திலிருந்து ஆரம்பித்தாள் என்று எனக்குப் பட்டது.

அவர் சிரித்தார். "நேத்து என் வீட்டு ஃபிரிட்ஜும் நாள் பூரா வேலை செஞ்சுது. அதையும் கூட்டிட்டு வந்து முழங்கால்ல நிறுத்தணுமா?"

"ஃபிரிட்ஜுக்கு நீங்க நாள் குறிச்சுக் குடுக்கலையே ஐயா."

அவருக்குச் சிரிப்பு நின்றது. "மன்னிப்பு கேக்க வேண்டிய இடம் இதில்லைன்னு உனக்கே தெரியுமே" என்றார்.

தெரியும். இருந்தும் புதன்கிழமைதான் போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. கையில் அவள் அம்மா நெய்த மெல்லிய பாய். எங்களில் பெரிய மன்னிப்பு கேட்கிறவர்கள் பாயோடுதான் போவார்கள். ஆனால் ஃபாஹு தாய்மாமன் வீட்டுக்குப் பாய் கொண்டு போய் நான் பார்த்ததில்லை. அங்கிருந்து கொண்டு வருவதுதான் வழக்கம். வாசலிலேயே, அவருக்குத் தாழ்வாக உட்கார்ந்து பாயை முன்னால் தள்ளினாள்.

பெனிசிமானி பதறிப்போனார். "என்னடி இது, உலகம் தலைகீழாயிடுச்சா? யாரு செத்தது?"

"அடிக்குரல் போயிடுச்சு மாமா. கம்ப்யூட்டர் மாறிடுச்சு. கப்பல் வரலை, மை வரலை, அது தானா..." என்று எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலும் காற்றும் மையும் வந்தன. பொத்தான் வரவில்லை.

அவர் மடியில் கிடந்த கையை மற்றக் கையால் எடுத்து நாற்காலியின் கைமேல் வைத்தார். அது வழுக்கி விழுந்தது.

"சரி, பாயை எடுத்துட்டுப் போ" என்றார்.

"திட்டுங்க மாமா."

"ஃபாஹுவைத் திட்டினா கை விளங்காதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க. எனக்கு மிச்சம் ஒரு கைதான் இருக்கு." சிரித்தார். "போகும்போது கிழங்கு எடுத்துட்டுப் போ. நல்ல கிழங்கு."

செபியூட்டாவோடு திரும்பி நடந்தேன். நீல வீட்டு வாசலில் நின்று, "மறந்துட்டேன்னுதான் நினைச்சிட்டு இருந்தேன், மெலியானே" என்றாள். "பொய் இல்லை. ஆனா மறக்கறதுக்கு ரொம்ப வசதியா இருந்துச்சு. தானா நடந்துட்டா ஐயாவுக்கும் நல்லவ, மாமாவுக்கும் நல்லவ." கிழங்கு அவள் கையில் இருந்தது. "அவரு ஒரு வார்த்தை திட்டிருக்கலாம். மன்னிச்சாரா, வழக்கத்துக்காக வாயை மூடிட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"



மாநாடு நெருங்கிவிட்டது. அடிக்குரல்காரர்களுக்குப் பாடம் வேண்டும். கோயில் மண்டபத்துக் கரும்பலகைக்கு முன்னால் பெனிசிமானி உட்கார்ந்து மறுபடி பாட, செபியூட்டா சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். முதல் பாதி தடையில்லாமல் வந்தது. பாட்டு திரும்புகிற இடத்தில், மற்ற மூன்று குரலும் நின்று அடிக்குரல் மட்டும் தனியாக இறங்குகிற இடத்தில், அவர் நின்றுவிட்டார். மறுபடி முன்னிருந்து பாடிக்கொண்டு வந்தார். அதே இடத்தில் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடிக்குரல் ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது செபியூட்டா பலகையைப் பார்த்தபடியே, தன் குரலில், அந்த இடத்தைப் பாடினாள். ஆறேழு சுரம்தான். இறங்கி, ஒரு வெட்டில் தயங்கி, அடியில் போய் நின்றது.

பெனிசிமானி கண்ணை மூடிக் கேட்டார். "ஆமா. எழுது" என்றார்.

அவள் எழுதினாள். சுண்ணாம்புக் கட்டி இரண்டு தடவை உடைந்தது.

அதன் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பயிற்சியில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் முழங்கை என் விலாவில் இறுகும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அது அவரு பாடினதா, நானே கட்டினதான்னு எனக்குத் தெரியலைடி. அவர் பாடினப்ப நான் விரலைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

தலைநகரில் மாநாட்டில் பாடினோம். அந்த இடத்தில் நாங்கள் மூன்று வரிசையும் வாயை மூடிக்கொள்ள, எங்கள் ஆண்கள் இறங்கினார்கள். பெரிய கோயில் முழுக்கப் பெருமூச்சு எழுந்தது. பின்னால் ஒரு கிழவி எழுந்து நின்று கூவினாள். வெளியே வந்ததும் மற்றத் தீவுக்காரர்கள் பெனிசிமானியைச் சூழ்ந்துகொண்டு, அந்த ஒரு இடத்தையே திருப்பித் திருப்பிப் புகழ்ந்தார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பந்தலில் நீள மேசைகள். அவருக்கு எதிரே செபியூட்டா, அவள் பக்கத்தில் நான். சேம்பிலைப் பொட்டலத்தைப் பிரித்து, தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியை அவர் இடது கைக்கு எட்டும்படி வைத்தாள். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"மாமா, அந்த இடம் உங்களோடது இல்லை. நான் பாடினது" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர், மென்றுகொண்டே.

"எப்ப தெரியும்?"

"நீ பாடினப்பவே. என்னோடது இதைவிட நல்லா இருந்துச்சு."

"அப்ப ஏன் ஆமான்னீங்க?"

"என்னோடது என்னன்னு ஞாபகம் இல்லையே. இருக்கறதைத்தானே பாடணும்." இன்னொரு வாய் எடுத்தார். பிறகு அதை இலையிலேயே திரும்ப வைத்தார். அவர் குரல் மாறியது. பயிற்சியில்கூட அப்படிக் கேட்டதில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு, செபி. நான் கட்டினதுலயே அதுதான். மூணு மாசம் அந்த ஒரு இடத்துக்காகக் கிடந்தேன். நீ அதை அழிச்சிட்டே."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாய்மாமன் ஃபாஹுவிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. அவர் மனைவி அவசரமாகக் கிழங்குத் தட்டை எடுத்து யாரிடமோ நீட்டினாள்.

செபியூட்டா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா மாமா. வெள்ளிக்கிழமையே நிறுத்தியிருக்கலாம். பொத்தான் கையிலதான் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அவர் இலையில் வைத்த கவளத்தை எடுத்து, நிதானமாக மென்று முடித்தார். அவளும் ஒரு பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தாள்.